நேர்ந்துவிட்ட மணிச்செடி

தூத்துக்குடியில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கிணற்றில் உப்பு, காற்றில் உப்பு, சுவரில் உப்பு, காயப்போட்ட சேலையை எடுத்து மடித்தால் அதிலும் உப்பு. அரளியும் நித்திய கல்யாணியும் தாமாக வந்து நிற்கும், மற்றதெல்லாம் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை எங்கள் தெருவிலேயே அதிகம் காட்டியவள் நான்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எழுபதுகளின் நடுவில் மூன்று வருஷம், எட்டடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள ஒரு துண்டு மண்ணுக்காக என் ஓரகத்தியோடு நான் போட்ட சண்டையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சண்டையில் ஜெயித்தது நான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் இரண்டு பக்கத்தாரும் கடற்கரைக் கத்தோலிக்கர்கள்தான். ஆனால் என் அப்பா ஏரலில் கடை வைத்திருந்தார். நான் ஆற்றில் குளித்து, வாழைத்தோப்பு வழியாகப் பள்ளிக்கூடம் போனவள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இதையா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணனின் மனைவி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடிக்கதுக்கு கொழா இருக்கு. இது கழுவதுக்கு. ஏரல் மகாராணி வரும்போது ஆத்தையும் சீதனத்தோட கொண்டாந்திருக்கலாம்லா."

கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது.

வீடு ஒன்றுதான். முன்பாதியில் அவர்கள், பின்பாதியில் நாங்கள். நாங்கள் என்றால் நான் மட்டும். என் கணவருக்கு வெளிநாட்டுக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பார். அவருடைய அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள். ஓரகத்தி இறால் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸில் கிடக்கிற இறாலை உரித்து உரித்து அவளுடைய விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் கழன்றிருக்கும். அந்த விரலைத்தான் எதற்கெடுத்தாலும் என் முகத்துக்கு நேரே நீட்டிப் பேசுவாள். வீட்டுக்குள் வந்தால் அவளுக்கு முன்னால் இறால் வாடை வரும். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். தேவைப்படாத நாளிலும் பொத்திக்கொள்வேன்.

பின்வாசலில், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் அந்தத் துண்டு நிலம் கிடந்தது. ஓட்டாஞ்சில்லும் சிப்பியும் கிடந்த இடம். நான் அதைக் கொத்திச் சுத்தம் செய்தேன். ஏரலுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு சாக்கு ஆற்று வண்டலைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கண்டக்டர் ஒவ்வொரு முறையும் சண்டைக்கு வருவார். "ஊரு ஊருக்கு மண்ணு இல்லாமலா கெடக்கு?" என்பார். "உங்க ஊரு மண்ணுல நீங்களே முளைச்சுப் பாருங்க" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேசாமல் லக்கேஜ் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.

அந்த வீட்டில் சுவரும் கூரையும் கிணறும் எனக்கு முன்பே இருந்தவை. அந்த மண் மட்டும்தான் நான் கொண்டுவந்தது. யார் தலைகீழாக நின்றாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று இருந்தேன்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோது என் கணவர் ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் வாங்கியது. மேலே படம் போட்டிருந்தது: உயரமான தண்டில் அடுக்கடுக்காக, கோயில் மணியின் வடிவில் சின்னதாக ஊதாப் பூக்கள். எழுத்து எங்களுக்குப் புரியாத பாஷை. கப்பல் அதிகாரி ஒருவர் படித்துச் சொன்னாராம்: இது இரண்டு வருஷச் செடி. முதல் வருஷம் தரையோடு இலை மட்டும் விடும். இரண்டாம் வருஷம் தண்டு எழும்பிப் பூக்கும். பூத்து முடித்ததும் செத்துவிடும்.

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒரு வருஷம் முழுக்க யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மறு வருஷம் ஒரே போடாகப் போடுகிற செடி. நாங்கள் அதற்கு மணிச்செடி என்று பெயர் வைத்தோம்.

விதை தூசி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் தூவினேன். பதினொன்று முளைத்தன. கோடையில் ஏழு போய்விட்டன. மீதி நாலுக்கும் பனையோலைத் தட்டி கட்டி நிழல் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்பதால் தினமும் காலையில் குழாயில் பிடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு குடம் செடிக்கு ஊற்றினேன். அதற்கு ஒரு சண்டை.

"மனுசனுக்கே நல்ல தண்ணிக்கு வழியக் காணும். இவ கீரைக்கு ஊத்துதா."

"கீரை இல்ல அக்கா. பூச்செடி."

"பூ எங்கன இருக்கு? எனக்கு எல தான தெரியுது."

அன்றிலிருந்து தெரு முழுக்க அதற்குப் பெயர் கீரை. மீன் விற்க வருகிறவள்கூட, "ஓங்க கீரை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் வருஷம் வரட்டும் என்று இருந்தேன்.

இரண்டாம் வருஷம் வந்தது. தை மாதத்தில் ஓரகத்தியின் மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வேம்பார்ப் பையன். புதுத் துறைமுகத்தில் அவனுக்கு வேலை. தினமும் வேம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்துபோக முடியாது. அதனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கிறவரை பெண் வீட்டில்தான் தங்குவான். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: சின்னஞ்சிறுசுகளுக்குத் தனியாக ஒரு அறை வேண்டும்; அது எழும்பினால்தான் மகனுக்கு ஓலை வாசிக்கச் சொல்வேன் என்றாள். கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதைத்தான் ஓலை என்பார்கள். வீட்டில் அறை எழுப்ப வேறு இடம் கிடையாது. என் மண்தான் இருந்தது.

கணவரின் அண்ணன் நல்ல மனிதர். தயங்கித் தயங்கி வந்து நின்றார். "ஏம்மா, ஒரு ரூம்பு போட்டுட்டா புள்ள காரியம் முடிஞ்சிரும். தம்பிக்கும் எழுதிக் கேட்டுட்டேன்" என்று கடிதத்தை நீட்டினார். என் கணவரின் கையெழுத்து: அண்ணன் சொல்வதுபோல் செய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதோ ஒரு சமுத்திரத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் மண்ணைத் தானம் பண்ணிவிட்டார்.

மறுநாள் கொத்தனார் வந்தார். மூலைக்கு மூலை ஆணி அடித்து நூல் கட்டினார். நூல் என் செடிகளுக்கு நேர்மேலே போனது. ஓரகத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏளா, ஒங் கீரையப் பிடுங்கி வேற எங்கனயாவது வையி. இல்லன்னா கொத்தனாரு மம்பட்டியிலயே போயிரும்" என்றாள்.

அவள் அதைச் சும்மா சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு உள்ளங்காலிலிருந்து ஆத்திரம் ஏறியது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அந்த நாலு செடியும் மாதாவுக்கு நேந்தது. மொதப் பூவ பீடத்துல வைக்கேன்னு நேந்திருக்கேன். தொடுறவங்க தொட்டுப் பாருங்க."

எங்கள் கடற்கரையில் நேர்ச்சை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. நேர்ந்துவிட்ட ஆடு வீட்டுக்குள் நுழைந்து அரிசியைத் தின்றாலும் அடிக்கமாட்டார்கள். நேர்ந்த முடியில் கத்திரி படாது. கொத்தனார் எங்கள் வேதக்காரர் அல்ல, பனங்காட்டுப் பக்கத்து இந்து. அவர்தான் முதலில் குனிந்து நூலைச் சுருட்டினார். "சாமி காரியம்னா எனக்கு வேண்டாம்மா" என்று சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் நேரவே இல்லை. அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு எண்ணமே எனக்கு இல்லை. மாதாவை ஒரு வேலி மாதிரி இழுத்து என் மண்ணைச் சுற்றிக் கட்டினேன். ஆனால் சொன்ன பிறகு அது நேர்ச்சைதான்.

ஓரகத்தி என்னைக் கூர்ந்து பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நேர்ச்சையைப் பொய் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழும்பாது.

"பூ எப்ப வரும்?"

"ரெண்டாம் வருசம்."

"அப்ப இந்தக் கோடைக்குள்ள வந்திரும்?"

"வந்திரும்."

"சரி. மாதாவுக்குன்னா நான் காத்துக் கெடக்கேன்" என்றாள். சிரிப்பு போயிருந்தது.

கோடை வந்தது, போனது. செடி பூக்கவில்லை. இலை மட்டும் தட்டு அகலத்துக்குப் பரந்து கிடந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளையின் அம்மா வேம்பாரிலிருந்து வந்து, நாலு செடிகளையும் வளைய வளைய வந்து பார்த்துவிட்டு, "இதுக்காவா?" என்று கேட்டாள். மாதா என்று சொன்னதும் அவளும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் போகும்போது, "அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பாக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓரகத்தி கோயில் சாமியாரிடம், அதாவது பங்குத்தந்தையிடம், போய்க் கேட்டாள். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றலாம், ஆனால் நேர்ந்தவள்தான் வந்து கேட்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அவள் நேரே என்னிடம் வந்தாள். அவ்வளவு தன்மையாக அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"சாமிகிட்டப் போயி மாத்திக் கேளுளா. பூவுக்குப் பதிலா ஆளுயர மெழுகுதிரி வைப்போம். நான் வாங்கித் தாரேன்."

"நான் நேந்தது பூ."

"புள்ளைக்கு வயசு ஏறுதுளா."

"நான் நேந்தது பூ, அக்கா."

அவள் எழுந்து போய்விட்டாள். அவள் கெஞ்சியது எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வெட்கப்படவில்லை.

செடி ஏன் பூக்கவில்லை என்பது எனக்கே தெரியாது. ஒரு இலையைப் பறித்து, விதைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, தையல் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு கன்னியாஸ்திரியிடம் போனேன். கொடைக்கானலில் பல வருஷம் இருந்தவர். படத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இதா? அங்க எங்க மடத்து வேலியோரம் பூரா நிக்கும்மா. ஆனா இது குளிர் கண்டாத்தான் பூக்கும். ஒரு குளிர்காலம் நடுங்கி எந்திரிக்கணும். அப்பத்தான் ரெண்டாம் வருஷம் வந்ததுன்னு அதுக்குத் தெரியும். இந்த ஊர்ல எத்தனை வருஷம் வச்சாலும் இலைதான்."

வெளியே வந்தபோது தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அந்த வெயிலில் சிரித்துக்கொண்டே நடந்து வந்தேன். பூத்தால்தானே நேர்ச்சை முடியும்? முடிந்தால்தானே மண் போகும்? பூக்கவே பூக்காது. அதைவிடப் பாதுகாப்பான வேலி கிடைக்குமா? செடி சாகாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தச் செடிகளுக்குச் செய்த சேவையைப் பிள்ளைக்கும் செய்திருக்கமாட்டேன். எனக்கு ஒரே பயம் ஓரகத்திதான். செடி செத்தாலும் நேர்ச்சை தீர்ந்துவிடும். அதற்கு ஒரு கைப்பிடி உப்பு போதும். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா? அவள் வேலைசெய்கிற இடத்திலேயே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். குளிர் இன்னும் கூடுவதற்காக ஐஸ்மேல் தூவுவார்கள். தினமும் காலையில் அவள் கம்பெனிக்குப் போனதும் செடியடி மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒருநாளும் கரிக்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவளுக்கு அந்த யோசனைகூடத் தோன்றவில்லையா என்று நினைத்தேன்.

அவள் மகளை மட்டும்தான் என்னால் நேராகப் பார்க்க முடியாது. காலையில் பல் தேய்க்கக் கிணற்றடிக்கு வருவாள். வாயில் நுரையோடு குனிந்து ஒவ்வொரு செடியாக நடு இலைகளை விலக்கிப் பார்ப்பாள். "சித்தி, இன்னும் ஒண்ணும் காணும்" என்பாள். குரலில் ஒரு குறையும் இருக்காது. நான் துணி அலசுவதுபோல் திரும்பிக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பெண் தையல் படிக்கப் போன இடத்தில் கன்னியாஸ்திரி பேச்சுவாக்கில், "உங்க சித்தி கொண்டுவந்த செடி என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வந்து அம்மாவிடம் அதைச் சொன்னது பின்பாதிவரை எனக்குக் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் நான் அடுப்படியில் இருந்தேன். ஓரகத்தி வருகிற சத்தம் கேட்டது. பெரிய சண்டை வரப்போகிறது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனை மாதமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று கேட்பாள். என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயாராக இருந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தலையிலிருந்த சாக்கை இறக்கினாள். மரத்தூளுக்குள்ளிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்தாள். கல்லால் உடைத்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோலும் சாக்கும் போட்டு மூடினாள்.

"என்ன அக்கா இது?"

"குளிரு வேணுமாம்லா. குடுக்கேன்."

"அதுல உப்பு இருக்கும்."

"உப்பு போடுததுக்கு மின்ன எடுத்த கட்டி. எனக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு ஒருநாள் தவறாமல் கொண்டுவந்தாள். கம்பெனியில் கெஞ்சி வாங்கினாளோ, கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னாளோ தெரியாது. காலையில் போகும் முன் ஒரு தடவை மூடாக்கைச் சரிபார்ப்பாள். சாயங்காலம் புதுக் கட்டி. நாள் முழுக்க ஐஸில் கிடந்த கையால் மறுபடி ஐஸை அள்ளுவாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கம்பெனி கிடையாது. ஐஸ் பேக்டரிக்கே நடந்துபோய் வாங்கிவந்தாள். தெருவில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். என் செடிக்கு அவள் குளிர்காலம் கொண்டுவருகிறாள். என் நேர்ச்சையை நிறைவேற்ற என்னைவிட அவள் துடிக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதனால் நான் ஒன்று செய்தேன். அவள் உள்ளே போனதும் மூடாக்கை விலக்கி, மூன்று செடிகளைச் சுற்றியிருந்த ஐஸை எடுத்துத் துணி ஊறவைக்கிற தொட்டியில் போட்டுவிட்டேன். வைக்கோலைப் பழையபடி மூடினேன். தினமும் இதே வேலை. விரல் விறைத்துப்போகும். அந்த நாட்களில் ஐஸ் தண்ணீரில் அலசிய சேலைகளைத்தான் நான் கட்டினேன். மதிலோரத்து நாலாவது செடியை மட்டும் தொடவில்லை. காலை அவசரத்தில் அவள் அந்த ஓரத்து மூடாக்கை மட்டும்தான் தூக்கிப் பார்ப்பாள்; அதில் மிச்ச ஐஸ் தெரியவேண்டும். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது. ஒரு செடிதானே, போகட்டும் என்று நினைத்தேன்.

தை முடிய அவள் ஐஸை நிறுத்தினாள். ஏழு வாரம். "இனி மாதா பாத்துக்கிடுவா" என்று அவள் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

தவக்காலம் ஆரம்பித்தது. எங்களில் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டருக்குப் பிறகுதான். வேம்பாரிலிருந்து ஆள் வந்து, ஈஸ்டருக்குள் முடிவு தெரியவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கு நாலு நாள் கழித்து, ஒரு காலை பத்து மணிக்கு, மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கக் குனிந்தபோது மதிலோரத்துச் செடியின் நடுவில் ஒரு தண்டைப் பார்த்தேன். விரற்கடை உயரம். அதன் நுனியில் பச்சை மொட்டு ஒன்று, ஓரத்தில் லேசான ஊதா.

நான் அங்கேயே குந்திவிட்டேன். படத்தில் பார்த்தது. இரண்டரை வருஷம் நான் தண்ணீர் சுமந்து ஊற்றியது. தொட்டுப் பார்த்தேன். உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கதை ஆகிவிடும். ஒரு மூச்சு நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு நூல் கட்டிய ஆணியும் அவளுடைய சிரிப்பும் நினைவுக்கு வந்தன. இன்று காலையில் அந்தப் பெண் எப்படியோ கவனிக்கவில்லை; நாளைக்குப் பல் தேய்க்க வந்து இலையை விலக்கினால் பார்த்துவிடுவாள். நகத்தை வைத்துத் தண்டோடு கிள்ளிவிட்டேன்.

எழுந்து திரும்பினேன். அவள் கிணற்றடியில் நின்றாள். அன்று இறால் வரத்து இல்லை, கம்பெனியில் பெண்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கையில் தூக்குச் சட்டியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என் விரல்களுக்கு நடுவில் மொட்டு இருந்தது.

"எத்தன மொட்டு?" என்று கேட்டாள்.

"ஒண்ணு."

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு முன்பக்கம் போய்விட்டாள்.

நான் காத்திருந்தேன். இப்போது வருவாள், தலைமயிரைப் பிடிப்பாள், தெருவைக் கூட்டுவாள் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதாவுக்கு நேர்ந்த மொட்டைக் கிள்ளியவள் என்று அவள் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் போதும். அந்த ஊரில் எனக்கு ஒருவரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். அதற்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். அவள் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அவள் கணவர் எப்போதும்போல், "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவள் மகள் காலையில் வந்து இலையை விலக்கிப் பார்த்து, "இன்னும் காணும் சித்தி" என்றாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவளே வேம்பாருக்கு பஸ் ஏறிப் போனாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் என்ன பேசினாளோ, தன் அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் புருஷனும் அடுப்படியில் படுத்துக்கொள்வதாகச் சொல்லிச் சம்மதிக்கவைத்துவிட்டு வந்தாள். ஓலை வாசித்தார்கள். வீட்டில் வெள்ளையடித்தார்கள். முன்பக்கத்தில் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. என்னை யாரும் எதற்கும் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில், புதன்கிழமை என்று நினைக்கிறேன், நான் மண்வெட்டியை எடுத்து நாலு செடிகளையும் வேரோடு பிடுங்கி மதிலுக்கு வெளியே எறிந்தேன். மண்ணைத் தட்டிச் சமமாக்கினேன். கையைக்கூடக் கழுவாமல் முன்பக்கம் போனேன். அவள் கீழே உட்கார்ந்து கல்யாணத்துக்குப் புளி கோதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எடம் காலியா இருக்கு. கொத்தனார வரச் சொல்லுங்க."

அவள் நிமிரவில்லை.

"சாமியார்ட்ட நான் போயி மாத்திக் கேக்கேன். ரூம்ப கட்டுங்க."

"வேண்டாம்."

"புள்ளைக்குத்தான சொல்லுதேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அந்த மண்ணுல எம்மவ படுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புளியைக் கோத ஆரம்பித்தாள்.

பல வருஷம் கழித்து வீட்டை முறைப்படி பாகம் பிரித்தபோது, அந்த எட்டடிக்குப் பன்னிரண்டடி என் பக்கத்தில்தான் எழுதப்படவேண்டும் என்று அவளே சொன்னாள். என் கணவர் நெகிழ்ந்துபோய், அண்ணியைப்போல் மனசு யாருக்கு வரும் என்றார். அவர்கள் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். கடைசிவரை அவள் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்: கொழாயில தண்ணி வருது, மழ வார மாதிரி இருக்கு, கதவப் பூட்டிட்டுப் போ. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நான் பத்து வார்த்தை திட்டி, அழுது, மன்னிப்பும் கேட்டிருப்பேன். அதற்கு அவள் இடமே கொடுக்கவில்லை.

தெருவில் பழைய ஆட்கள் இப்போதும் அந்தச் செடியைப் பற்றிப் பேசுவார்கள். மாதாவுக்கு நேர்ந்தும் பூக்காமலே போனது பார் என்று சொல்லி என்னிடம் பரிதாபப்படுவார்கள். அது மொட்டு விட்டது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். போன வருஷம் அவளை அடக்கம் செய்தோம். குழிக்குள் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன்.